கேள்வி-பதில்: பிளந்த ஃபின்னா, ஒற்றைப் பிளேடா?

போன முறை டைவிங் மாஸ்க் பற்றி எழுதினேன். அதிலிருந்து ஃபின் பற்றித்தான், அதாவது டைவ் செய்யக் காலில் மாட்டும் துடுப்பு பற்றித்தான், கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. காலுக்கு முன்னால் நீண்டிருக்கும் தட்டைப் பகுதிதான் பிளேடு. சிலவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: ஸ்கூபா (முதுகில் காற்றுச் சிலிண்டரோடு மூழ்குவது) பயிற்சி முடித்துவிட்டேன். அங்கே தந்தது அகலமான ஒற்றைப் பிளேடு ஃபின். கடையிலோ நடுவில் பிளந்த ஸ்பிளிட் ஃபின்தான் நல்லது என்கிறார்கள். எதை வாங்க?

நீங்கள் தண்ணீருக்குள் எப்படி உதைக்கிறீர்கள் என்று எழுதவே இல்லை. கடைக்காரரும் கேட்டிருக்க மாட்டார். இதற்கான பதிலே அதில்தான் இருக்கிறது.

இடுப்பிலிருந்து மேலும் கீழுமாக, சின்னச் சின்னதாக, சீக்கிரம் சீக்கிரமாக உதைப்பவர் என்றால் ஸ்பிளிட் சுகமாக இருக்கும். பிளவு வழியாகத் தண்ணீர் வழுக்கிப் போவதால் கணுக்காலுக்கும் முட்டிக்கும் பாரம் குறைகிறது. முட்டிவலியோடு டைவ் செய்கிறவர்கள் பலர் இதற்கு மாறி நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் தவளை மாதிரி காலை அகட்டிச் சேர்த்து உதைக்கிறவருக்கு இது சரிப்படாது. இரண்டு பாதியும் தனித்தனியே முறுக்கிக்கொள்ளும், கொடுத்த பலம் பாதி வீணாகும். பின்னால் நகர்வதும் நின்ற இடத்திலேயே திரும்புவதும் ஸ்பிளிட்டில் பெரும்பாடு. குகைக்குள்ளும் மூழ்கிய கப்பலுக்குள்ளும் போகிறவர்கள் குட்டையான, விறைப்பான ஒற்றைப் பிளேடை விடாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். அடியில் இருக்கும் வண்டல் கிளம்பினால் அவர்களுக்கு வெளியே வரும் வழியே தெரியாமல் போய்விடும், அதனால் ஒவ்வொரு உதையும் சொன்னபடி கேட்க வேண்டும். போதாததற்கு, பிளவுக்குள் கயிறு போய் மாட்டிக்கொள்ளும்.

கூட டைவ் செய்கிறவர் யாரிடமாவது ஸ்பிளிட் இருந்தால் ஒரு டைவுக்குக் கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள். அதற்கு வழியில்லை என்றால், மிதமான விறைப்புள்ள ஒற்றைப் பிளேடு. எல்லா வகை உதையையும் அதில் பழகிக்கொள்ளலாம்.

கேள்வி: மூச்சடக்கி மூழ்குகிறவர்கள் போடும் நீளமான கார்பன் ஃபின் தள்ளுபடியில் கிடைக்கிறது. ஸ்கூபாவுக்கு ஆகுமா?

வேண்டாம். பாறையில் ஒரு இடி போதும், உடைந்துவிடும். பவளத்தில் இடித்தால் பவளம் உடையும்.

கேள்வி: பின்பக்கம் திறந்த ஓப்பன் ஹீல் ஃபின் ஒன்றை வெறுங்காலில் போட்டுப் பார்க்கச் சொல்லி விற்றார்கள். பூட் தனியாக வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. பிறகு பூட் வாங்கிப் போட்டால் ஃபினுக்குள் கால் போகவே இல்லை. வெறுங்காலில் போட்டு இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்துவிட்டது. "தண்ணீர் பட்ட பொருளை மாற்ற மாட்டோம்" என்கிறார்கள்.

உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை, முதலில் அதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். ஓப்பன் ஹீல் ஃபின் நியோப்ரீன் (பஞ்சு மாதிரி அமுங்கும் ரப்பர்) பூட்டோடு போடுவதற்காகச் செய்தது என்பது விற்கிறவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. முதல் தடவை வாங்குகிறவரை வெறுங்காலில் அளவு பார்க்க வைத்தவர், தன் பிழைக்கு உங்களைப் பணம் கட்டச் சொல்கிறார். வாயால் பேசியது போதும், எழுத்தில் கேளுங்கள்: எந்தத் தேதியில் வாங்கினீர்கள், என்ன சொல்லி விற்றார்கள், பூட் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை என்பது எல்லாம் அதில் இருக்கட்டும். ரசீதின் நகலையும், பூட் நுழையாமல் நிற்கும் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பொருளைத் தண்ணீரில் போட்டதால், தவறான அளவு சரியான அளவாக மாறிவிடாது. பதில் வராவிட்டால் உங்கள் ஊர் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்புக்கு அதே கடிதம் போகட்டும்.

கேள்வி: இணையத்தில் மூன்று ஜோடி வாங்கினேன், மூன்றும் பொருந்தவில்லை. நல்ல கம்பெனி ஒன்று சொல்லுங்கள்.

காலை அளந்தீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. ஒரு கம்பெனியின் எல் அளவும் இன்னொன்றின் எல் அளவும் ஒன்றல்ல. முதல் ஜோடியிலேயே அது தெரிந்திருக்கும், அப்புறமும் இரண்டு முறை அதே எழுத்தைப் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள். நான்காவது ஜோடிக்கு பூட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். உட்கார்ந்து மாட்டி, காலைத் தூக்கி உதறிப் பாருங்கள். ஃபின் ஆடக் கூடாது, விரல்கள் மடங்கக் கூடாது, பாதத்தின் மேல்பக்கம் நெரியக் கூடாது. ஆழத்தில் நியோப்ரீன் அமுங்கிக் கொஞ்சம் தளரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: "மிக வேகமான ஃபின்" என்று பெட்டியில் போட்டிருக்கிறது. நம்பலாமா?

இந்த ஒரு சொல்லால் ஏமாந்தவர்கள் ஏராளம், நானும் ஒருவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எதைவிட வேகம்? யார் உதைத்து? எத்தனை மீட்டர்? பெட்டியில் இதெல்லாம் இருக்காது. இருந்தாலும், ஸ்கூபா செய்கிறவருக்கு வேகம் எதற்கு? தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். இரண்டு மடங்கு வேகத்தில் போக நினைத்தால் எதிர்ப்பு நான்கு மடங்கு, உடம்பு கொடுக்க வேண்டிய திறன் ஏறக்குறைய எட்டு மடங்கு. அந்த உழைப்புக்கான மூச்சு முதுகில் இருக்கும் சிலிண்டரிலிருந்துதான் வர வேண்டும். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல மூன்று மடங்கு, ஆகவே ஒவ்வொரு மூச்சும் மூன்று மூச்சுக்கான காற்றைத் தின்னும். வேகத்துக்காக விற்கும் ஃபின் நீங்கள் தண்ணீருக்குள் இருக்கும் நேரத்தைத்தான் குறைக்கிறது.

அப்படி எழுதியிருந்த ஒரு ஜோடியை நான் வாங்கினேன், நல்ல நீளம், பலகை மாதிரி விறைப்பு. இரண்டாவது டைவில் எதிர்நீரோட்டத்தில் வலது கெண்டைக்கால் கல்லாக இறுகிக்கொண்டது. கூட வந்தவர் என் ஃபின் நுனியைப் பிடித்து என் பக்கமாக மடக்கித் தசையை நீவிவிட்ட பிறகுதான் ஏணிவரை வர முடிந்தது. அவர் பக்கத்தில் இல்லாமல் போயிருந்தால் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன். பெட்டியில் போட வேண்டியது எடை எவ்வளவு, தண்ணீரில் மூழ்குமா மிதக்குமா, கால் நுழையும் இடம் எத்தனை சென்டிமீட்டர், விறைப்பு எந்த அளவு என்பவை. இவற்றில் ஒன்றாவது தெளிவாக எழுதியிருக்கும் பெட்டி அபூர்வம். கடையில் கேளுங்கள், சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: குதிகாலைப் பிடிக்கும் பட்டை ரப்பருக்குப் பதில் ஸ்பிரிங்கில் வருகிறதே, அந்த ஸ்பிரிங் ஸ்ட்ராப்புக்குக் கூடுதல் பணம் கொடுப்பது தேவையா?

தேவை. ரப்பர் ஸ்ட்ராப் அறுந்து, ஒரு டைவ் முழுக்கப் படகிலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஸ்பிரிங் என்றால் கையுறை போட்ட கையாலும் மாட்டலாம், பக்கிள் உடையும் கவலையும் இல்லை. ரப்பரே போதும் என்றால் உதிரி ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும்.

கேள்வி: கனமான ரப்பர் ஃபின்தான் அனுபவசாலிகள் போடுவது என்கிறார் நண்பர். எனக்கும் அதுவே சரியா?

1960களில் வந்த ஜெட் ஃபின் என்ற கனமான ரப்பர் ஃபின் இன்றும் ஏறக்குறைய அதே உருவத்தில் விற்பனையாகிறது, அந்த வகையின் உறுதியை நான் மறுக்கவில்லை. ஆனால் அது தண்ணீரில் மூழ்கும் ஃபின். டிரை சூட் (தண்ணீர் புகாத, உள்ளே காற்று இருக்கும் உடை) போடுகிறவருக்குக் காற்று காலுக்குப் போய்க் கால் மேலே மிதக்கும், அவருக்கு அந்தக் கனம் வரம். மெல்லிய வெட் சூட்டில் (தண்ணீர் உள்ளே புகும் நியோப்ரீன் உடை) நான் அதைப் போட்டபோது இடுப்புக்குக் கீழே எல்லாம் தொங்கியது. ஒவ்வொரு உதைக்கும் அடியில் இருந்த மணல் கிளம்பி, பின்னால் வந்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை. விமானத்தில் எடைக்கும் சேர்த்துக் கட்டணம் கட்டினேன். உங்கள் நண்பர் எந்த உடையில் மூழ்குகிறார் என்று கேளுங்கள்.

கேள்வி: ஸ்னார்கலிங் (மேற்பரப்பில் மிதந்தபடி குழாய் வழியாக மூச்சு விட்டு நீந்துவது) செய்யும் குட்டி ஃபின் இருக்கிறது, அதையே ஸ்கூபாவுக்குப் போடலாமா?

சிலிண்டரும் எடைகளும் சேர்ந்த உடம்பை நீரோட்டத்தில் அது தள்ளாது. போடாதீர்கள்.

கேள்வி: பழைய ஃபின் ஒன்று நல்ல விலையில் வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

வெளிச்சத்தில் பாருங்கள். கால் நுழையும் பகுதியும் பிளேடும் சேரும் இடத்தை மெல்ல வளைத்தால், விரிசல் விட்டிருந்தால் முடி மாதிரி வெள்ளைக் கோடு தெரியும். ஸ்ட்ராப்பை பக்கிளுக்குப் பக்கத்தில் இழுத்துப் பாருங்கள், ரப்பர் உலர்ந்திருந்தால் அங்கேதான் முதலில் பொடிப்பொடியாக வெடித்திருக்கும். ஸ்ட்ராப் போனால் மாற்றலாம், பிளேடு போனால் ஒன்றும் செய்ய முடியாது. கடைசியாக இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வையுங்கள். நுனியில் நிற்க வைத்தே வைத்திருந்தால் பிளேடு ஒரு பக்கம் வளைந்துபோயிருக்கும். அது பழையபடி நிமிர்வது சந்தேகம்தான், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.