வறண்ட நிலத்தில் ஆட்டுக்குத் தீவனம்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி (பரமக்குடி): அண்ணே, எங்கள் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேல்தான். இருபது வெள்ளாட்டுக்கும் அந்தக் காயை மட்டும் போட்டே கோடையைத் தள்ளிவிடலாமா?

தம்பி, அந்த ‘மட்டும்’தான் பயமாக இருக்கிறது. காய் நல்ல தீவனம். பழுத்து மஞ்சளாகி விழுந்ததைக் கடித்துப் பாருங்கள், இனிக்கும். பச்சை இலையை மோந்துவிட்டு நகர்ந்துபோகும் ஆடு, காயைக் கண்டால் ஓடி வரும். ஆனால் மாதக்கணக்கில் அதுவே சாப்பாடு என்று ஆனால் நரம்பு கெட்டு, தாடை தளர்ந்து, அசைபோட முடியாமல் எச்சில் ஒழுக நிற்கும். மாட்டில் இது அதிகம், வெள்ளாட்டுக்கும் வரும்.

காயைப் பொறுக்கி நல்ல வெயிலில் காயப்போடுங்கள். மடக்கினால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, மூட்டையில் பூசணம் பிடித்துவிடும். ஒடிகிற பதத்தில் விதையோடு இடித்து, தவிடு, பிண்ணாக்கோடு கலந்து வையுங்கள். பத்துக் கிலோ கலவைக்கு இரண்டு கிலோ காய்த்தூள் போதும். இடிக்காமல் போட்டால் விதை முழுசாகப் புழுக்கையில் வந்து உங்கள் கொல்லையிலேயே முளைக்கும். அப்புறம் அதை வெட்ட ஆள் தேட வேண்டும்.

கேள்வி (விளாத்திகுளம்): மழை பெய்து பத்து நாள் ஆகிறது, புல் தளதளவென்று வந்திருக்கிறது. கோடை முழுக்கத் தாக்குப்பிடித்த செம்மறியில் கொழுத்த குட்டிகளாக மூன்று, ராத்திரியில் செத்துக் கிடந்தன. பாம்பு தீண்டியிருக்குமோ?

துள்ளுமாரியாக இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அடுத்து ஒன்று செத்தால் புதைக்காமல் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த நோய்க் கிருமி ஆட்டின் குடலில் எப்போதும் கொஞ்சம் இருப்பதுதான். காய்ந்த சருகு தின்று பழகிய வயிற்றில் திடீரென்று இளம்புல் நிறைந்தால், அது மளமளவென்று பெருகி நஞ்சைக் கக்கும். நன்றாகத் தின்கிற குட்டிதான் முதலில் போகும். எங்கள் கிடையில் ஓர் ஐப்பசியில் ஒரே வாரத்தில் பதினொரு குட்டி போயின. அதற்கு முந்தைய நான்கு மாதம் வெறும் சருகு. அப்போது எல்லாம் மெலிந்தன, ஒன்றுகூடச் சாகவில்லை. அன்றிலிருந்து வறட்சியைவிட முதல் மழைக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

மழைக்காலம் தொடங்கும் முன்பே தடுப்பூசி போட்டுவிடுங்கள். புல் வந்த முதல் வாரம், காலையில் வைக்கோலோ கடலைக்கொடியோ கொஞ்சம் போட்டு வயிற்றில் பாதியை நிரப்பிய பிறகே பச்சைக்கு விடுங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு நாளுக்கு நாள் கூட்டலாம். பனி இருக்கும்போது ஓட்ட வேண்டாம், ஈரப் புல் நுனியில் குடற்புழு ஏறி நிற்கும்.

கேள்வி (மானாமதுரை): ஐயா, என் ஆடு அரிசி மூட்டையில் வாய் வைத்துவிட்டது. இப்போது வயிறு உப்பிப் படுத்திருக்கிறது. ஏதாவது செய்ய முடியுமா?

அம்மா, உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். அவர் வருவதற்குள் இடது விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். நல்ல ஆட்டுக்கு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை அலைபோல எழும்பி அடங்கும். எழும்பாமல் தண்ணீர்ப் பைபோல் தளும்பினால் உள்ளே அமிலம் ஏறிவிட்டது. பெரிய ஆடு என்றால் இருபது கிராம் சமையல் சோடாவை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, தலையை அண்ணாத்தாமல், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அவசரப்பட்டால் புரையேறும். இனிமேல் அரிசி, சோறு, கஞ்சி எதையும் ஆசைப்பட்டு நிறையக் கொடுக்காதீர்கள்.

கேள்வி (சாயல்குடி): மானாவாரிச் சோளம் முழங்கால் உயரத்தில் வாடி நிற்கிறது. இனி தேறாது. ஆட்டை இறக்கிவிடலாமா?

வேண்டவே வேண்டாம். வாடிய இளஞ்சோளத்தில் சயனைடு நஞ்சு ஏறியிருக்கும், தின்ற ஆடு வயலிலேயே விழுந்துவிடும். அறுத்த தாளில் தழைக்கும் மறுதாம்பும் அப்படித்தான். அறுத்து, சலசலக்கும் அளவுக்குக் காயவைத்துப் போடுங்கள்.

கேள்வி (திருச்சுழி): கிணறு இல்லாத இரண்டு ஏக்கர் இருக்கிறது. தீவனத்துக்கு என்ன விதைக்கலாம்? தொட்டித் தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாவை வளர்க்கலாம் என்கிறார்களே?

ஆடு குடிக்கவே தண்ணீர் இல்லாத இடத்தில் அசோலாத் தொட்டி எதற்கு? கொழுக்கட்டைப்புல்லையும், முயல்மசால் என்கிற பயறுவகைத் தீவனச் செடியையும் கலந்து ஐப்பசி மழையில் விதையுங்கள். காங்கேயம், தாராபுரம் பக்கத்தில் கொறங்காடு என்கிற வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தைப் போய்ப் பாருங்கள்: கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுவில் வெள்வேல மரம். முதல் வருடம் விதை உதிரும் வரை ஆடு இறங்கக் கூடாது. இதில்தான் பலரும் பொறுமை இழந்து கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஓரத்தில் வேம்பு, பூவரசு, சூபாபுல் வையுங்கள். சூபாபுல் தழை மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் முடி கொட்டும். அறுப்புக் காலத்தில் கடலைக்கொடியும் உளுந்தம்பொட்டும் வாங்கி, நனையாமல் போர் போட்டு வையுங்கள்.

கேள்வி (முதுகுளத்தூர்): போரில் இருக்கும் தீவனம் எல்லாவற்றுக்கும் காணாது. எதற்கு முதலில் போடுவது?

சினை ஆட்டுக்கு, அதிலும் கடைசி ஆறு வாரத்தில் இருப்பதற்கு. குட்டி வயிற்றுக்குள் வேகமாக வளர்வது அப்போதுதான். மேய்ச்சல் போக, தினமும் இருநூறு கிராம் கலப்புத் தீவனம் கொடுங்கள். அதில் குறைத்தால் குட்டி சவலையாக விழும், மடியில் பால் இருக்காது. பல் விழுந்த கிழடுகளையும் கிடாக்குட்டிகளையும் உடம்பு இருக்கும்போதே, மாசிக்குள் சந்தைக்கு ஓட்டிவிடுங்கள். மனசு கேட்காது, எனக்கும் கேட்காது. ஆனால் சித்திரையில் எலும்பாக நிற்கும் ஆட்டை யாரும் விலைக்குக் கேட்கமாட்டார்கள். அதுவரை அது தின்ற கொடி, சினை ஆட்டுக்குப் போயிருக்க வேண்டியது.