பழைய துணியில் சந்தைப் பை: கேளுங்கள், சொல்கிறேன்

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து: அக்கா, பழைய டி-ஷர்ட் நிறைய கிடக்கிறது. தையல் மெஷின் இல்லை. பை செய்ய முடியுமா?

தாராளமாக. கைகளை வெட்டிவிட்டுக் கழுத்தை ஆழமாக வெட்டுங்கள். மிஞ்சும் தோள்பட்டைகள்தான் கைப்பிடி. சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, அடியில் நாலு விரல் உயரத்துக்குக் கீற்றுக் கீற்றாக வெட்டி, முன்கீற்றையும் பின்கீற்றையும் இறுக்கி முடியுங்கள். பக்கத்து முடிச்சோடும் ஒரு முடிச்சுப் போட்டால் ஓட்டை விழாது. பனியன் துணி இழுபடும் என்பதால் கீரை, ரொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஜூரோங் வெஸ்டிலிருந்து: ஜீன்ஸில் பை தைத்தேன். 5 கிலோ அரிசி வைத்ததும் கைப்பிடி பிய்ந்துவிட்டது. ஏன்?

ஜீன்ஸ் துணி அவ்வளவு சீக்கிரம் கிழியாதும்மா. கைப்பிடியைப் பையின் வாயோரத்தில் ஒற்றைத் தையலாகப் போட்டிருப்பீர்கள். மொத்தக் கனமும் அந்த ஒரு கோட்டில்தான் விழும். முனையை மூன்று விரல் கீழே இறக்கி வைத்துச் சதுரமாகத் தைத்து, அதற்குள் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போடுங்கள். அரிசி, எண்ணெய் தூக்குகிற பை என்றால் இன்னும் நல்ல வழி உண்டு. பட்டையை நீளமாக எடுத்து, பையின் அடிவழியாகச் சுற்றி மறுபக்கம் கொண்டுவந்து தைத்தால் கனத்தைப் பட்டையே தாங்கும்.

சாதாரணப் பைக்கு ஜீன்ஸின் இடுப்புப் பட்டையை இரண்டாக வெட்டினால் கைப்பிடி தயார். அதைவிடக் கெட்டியாக நாமே தைக்க முடியாது. தொடை உரசித் தேய்ந்த இடத்தைத் தவிர்த்து, முழங்காலுக்குக் கீழே உள்ள துணியை எடுங்கள். 16 நம்பர் ஊசி, பாலியெஸ்டர் நூல். மடிப்பு தடித்த இடத்தில் மட்டும் மெஷின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், ஊசி ஒடியாது.

தெம்பனிஸிலிருந்து: தேக்கா சந்தையில் மீன் வாங்கினால் துணிப்பை நாறிவிடுகிறதே?

மூடி போட்ட டப்பாவை நீட்டினால் மீன்காரரே அதில் போட்டுத் தருவார். கசிவுக்குப் பழைய குடைத் துணி நல்லது. கம்பிகளைக் கழற்றிவிட்டு, ஒரே துண்டை நடுவில் மடித்து இரு பக்கமும் தைத்தால் அடியில் தையலே வராது. ஊசித் துளை இல்லாத இடத்தில் தண்ணீர் எளிதில் இறங்காது. இதைப் பையோடு சேர்த்துத் தைக்காமல் தனி உறையாக வையுங்கள், வீட்டுக்கு வந்ததும் கழுவிப் போடலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரத்தோடு மடித்து வைத்தால் பூசணம் பிடித்துவிடும்.

செங்காங்கிலிருந்து: அம்மாவின் பட்டுப் புடவைகள் கட்டாமலே கிடக்கின்றன. பை ஆக்கலாமா?

வேண்டாம். கட்டும் நிலையில் இருந்தால் கட்டுபவருக்குக் கொடுங்கள். மடிப்பிலேயே இற்றுப்போன பட்டு பாரம் தாங்காது. நூல் புடவை இருந்தால் சொல்லுங்கள். இரட்டையாக மடித்துத் தைத்து, நெருக்கமாக நெய்த கரையைக் கைப்பிடி ஆக்கினால் பை நன்றாக உழைக்கும்.

உட்லண்ட்ஸிலிருந்து: பிளாஸ்டிக் பை வாங்காவிட்டால் குப்பையை எதில் கட்டுவது?

நியாயமான கேள்வி. 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பைக்குக் குறைந்தது 5 காசு வாங்குகிறார்கள். அன்றிலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்படுவதும் இதுதான். ஈரக் குப்பையைக் கட்டாமல் போடக் கூடாது, கரப்பான் வரும். ரொட்டி உறை, அரிசிப் பை, டிஷ்யூ சுற்றி வரும் உறை எல்லாம் வீட்டுக்கு எப்படியும் வருகின்றன. முதலில் அவற்றைக் குப்பைக்கு எடுங்கள், போதாததற்கு மட்டும் பை வாங்குங்கள்.

பிடோக்கிலிருந்து, மாணவி: பள்ளி விழாவில் விற்க 30 பைகள் தைக்கப் போகிறோம். புதுத் துணி வாங்கலாமா அக்கா?

வாங்காதே கண்ணு. பருத்தி விளைய, நெய்ய, சாயமேற்ற ஏகப்பட்ட தண்ணீரும் மின்சாரமும் போகிறது. புதுத் துணியில் தைத்த பையைப் பல காலம் பயன்படுத்தினால்தான் அந்தக் கணக்கு தீரும். உங்கள் புளோக்கில் பழைய தலையணை உறை கேட்டுப் பாருங்கள். மூன்று பக்கமும் ஏற்கெனவே மூடியிருக்கும், வாயோரமும் மடித்துத் தைத்திருக்கும். உள்மடிப்புத் துணி இருந்தால் அதை வெட்டி எடுத்துக் கைப்பிடிக்கு வைத்துக்கொள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இழை தேய்ந்ததை ஒதுக்கிவிடு. எல்லாவற்றையும் துவைத்துக் காயவைத்த பிறகே கத்தரி வை.