ஜெஸ்ஸி பிரவுனுக்குப் பறக்க ஆசை

அன்புள்ள அக்கா,

எங்கள் கல்லூரியில் 'போரும் நிறவெறியும்' என்ற தலைப்பில் அடுத்த மாதம் பதினைந்து நிமிடம் பேச வேண்டும். அமெரிக்கக் கடற்படை விமானி ஜெஸ்ஸி பிரவுனைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். 1950 டிசம்பரில், 24 வயதில், கொரியாவில் இறந்த கறுப்பின விமானி. படிக்கப் படிக்கக் கோபம்தான் வருகிறது. வெள்ளைப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் உட்காரக்கூட விடாத நாட்டுக்காக இவர் ஏன் சாக வேண்டும்? அதுவும் தனக்கு எந்தக் கெடுதலும் செய்யாத கொரிய மண்ணில் குண்டு போட்டு? அவரை ஏமாளி என்று சொன்னால் தவறா? அவரைக் காப்பாற்றுவதற்காகத் தன் விமானத்தையே மலையில் இறக்கிய வெள்ளை விமானி ஹட்னர்தான் உண்மையான நாயகன் என்கிறான் என் நண்பன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

– முதுகலை மாணவர் ஒருவர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது. அது போய் நிற்கும் இடம் பிடிக்கவில்லை. அநியாயம் செய்தவர்களை இரண்டு வரியில் திட்டிவிட்டு, அநியாயத்துக்கு ஆளானவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறீர்கள். ஏமாளியாம். அவர் என்ன ஏமாந்தார்? தன் நாடு எப்படிப்பட்டது என்று மிசிசிப்பியில் பிறந்த ஒரு கறுப்பினப் பிள்ளைக்குத் தெரியாதா? நீங்கள் சொல்லியா தெரிய வேண்டும்?

ஹாட்டிஸ்பர்க் நகரில் 1926இல் பிறந்தவர் அவர். குடும்பம் கொஞ்ச காலம் அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்து பிழைத்தது. ஆறு வயதில் அப்பா ஒரு விமான சாகசக் காட்சிக்குக் கூட்டிப்போனார். அன்று பிடித்த பித்து அப்புறம் விடவேயில்லை. ஊருக்குப் பக்கத்தில் ஒரு மண் ஓடுதளம் இருந்தது. அங்கே வேலை பார்த்த மெக்கானிக் துரத்தத் துரத்தத் திரும்பத் திரும்பப் போய் நின்றிருக்கிறான் பையன். 1937இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினான். கறுப்பினத்தவரை ராணுவத்தில் விமானிகளாகச் சேர்க்காதது அநீதி என்பதுதான் கடிதத்தின் சாரம். வெள்ளை மாளிகையிலிருந்து மரியாதையாக ஒரு பதிலும் வந்தது. பத்துப் பதினோரு வயதுப் பையன்! அந்த வயதிலேயே அநீதி எது என்று பெயர் சொல்லி எழுதத் தெரிந்தவரைத்தான் நீங்கள் ஏமாளி என்கிறீர்கள்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குள் ஓடிக்கொண்டிருந்த விஷயம் இதுதான். ஒடுக்கப்பட்ட ஒருவர் ஒரு காரியத்தை அந்தக் காரியத்துக்காகவே விரும்பலாம் என்பதை நாம் ஒத்துக்கொள்வதே இல்லை. நான் எழுத வந்த புதிதில் பாலங்கள் எப்படி நிற்கின்றன என்று ஒரு கட்டுரை கொண்டுபோனேன். படித்துப் பார்த்த ஆசிரியர், "இது எதற்கும்மா, உங்கள் ஜனங்கள் பட்ட பாட்டை எழுதுங்கள்" என்று திருப்பிக் கொடுத்தார். நல்ல மனிதர்தான், நல்லெண்ணத்தில்தான் சொன்னார். பட்ட பாட்டைப் பின்னால் நிறையவே எழுதினேன். ஆனால் பாலத்தைப் பற்றி வியக்கும் உரிமை எனக்கு இல்லையா என்ற கேள்வி இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது.

ஹட்னரிடம் யாராவது "நீ ஏன் விமானி ஆனாய்?" என்று கேட்டார்களா? வசதியான வீட்டுப் பையன், கடற்படை அகாதெமியில் படித்தவர், விமானம் ஓட்ட ஆசைப்பட்டார், ஓட்டினார். கதை முடிந்தது. பிரவுனுக்கு மட்டும் ஒரு பெரிய காரணம் வேண்டும். இனத்தின் விடுதலைக்காகப் பறந்தார் என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஏமாந்து பறந்தார் என்று சொல்ல வேண்டும். சும்மா பிடித்துப்போய்ப் பறந்தார் என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை.

அந்த ஆசைக்கு அவர் கொடுத்த விலையைப் பாருங்கள். தன் ஆதர்சமான ஓட்டப்பந்தய வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் படித்த ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். பகலில் வகுப்பு. பிற்பகல் மூன்றரையிலிருந்து நள்ளிரவு வரை பென்சில்வேனியா ரயில்பாதையில் சரக்குப் பெட்டிகளில் மூட்டை ஏற்றும் வேலை. கடற்படை விமானப் பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது முதலில் தட்டிக்கழித்தார்கள். மறுபடி விண்ணப்பித்தார். 1947இல் பயிற்சியில் சேர்ந்தார். படைகளில் இனப் பாகுபாடு கூடாது என்று ஜனாதிபதி ட்ரூமன் ஆணை பிறப்பித்தது 1948 ஜூலையில். ஆணை வந்து கதவைத் திறக்கும் என்று அவர் காத்திருக்கவில்லை. பயிற்சிக் காலத்தில் கல்யாணம் செய்யக் கூடாது என்பது விதி, தெரிந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். டெய்சியை ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டு பயிற்சியைத் தொடர்ந்தார். 1948 அக்டோபரில் விமானிக்குரிய சிறகுச் சின்னம் அவர் சட்டையில் ஏறியது. கடற்படையின் அடிப்படை விமானப் பயிற்சியை முடித்த முதல் கறுப்பின அமெரிக்கர் அவர்தான்.

அப்புறம் அந்த விமானம். அவர் ஓட்டிய கோர்சேரைப் பற்றி ஒரு வரியாவது படித்தீர்களா? மூக்கு அத்தனை நீளம், இறங்கும்போது எதிரே இருக்கும் விமானம் தாங்கிக் கப்பலின் தளமே விமானியின் கண்ணுக்குத் தெரியாது. அதனால் நேராக வந்து இறங்க முடியாது. இடப்பக்கம் சாய்ந்து வளைந்துகொண்டே வர வேண்டும். தளத்தின் ஓரத்தில் ஓர் அதிகாரி இரண்டு கையிலும் மட்டை போன்ற பலகைகளைப் பிடித்து நிற்பார். உயரம் கூடுகிறது, வேகம் குறைகிறது என்று கைகளாலேயே சொல்வார். அவர் 'நிறுத்து' என்று காட்டியதும் விசையைக் குறைத்துவிட வேண்டும். வால்கொக்கி தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியில் மாட்ட வேண்டும். இத்தனையும் கடலில் ஆடிக்கொண்டிருக்கும் கப்பலில். அனுபவமில்லாத இளம் விமானிகள் பலரைக் கொன்ற விமானம் அது. அதை 'லெய்ட்டி' கப்பலில் அவர் இறக்கிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் கடற்படையிலிருந்த கறுப்பினத்தவரில் பெரும்பாலோருக்கு அதிகாரிகளின் சாப்பாட்டு அறையில் பரிமாறும் வேலைதான். அதே அறையில் அதிகாரியாக உட்கார்ந்து அவர்கள் கையால் சாப்பிட்டவர் பிரவுன். ஒவ்வொரு முறை தளத்தில் சரியாக இறங்கும்போதும் அந்த இளைஞனுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்! தம்பி, அந்தச் சந்தோஷத்துக்கு உங்கள் பேச்சில் இடமிருக்கிறதா?

கொரியப் போர் நியாயமா என்பது வேறு கேள்வி, பெரிய கேள்வி. நேபாம் என்ற தீக்குண்டு விழுந்த ஊர்களை மறைக்க நான் சொல்லவில்லை. அந்தக் கணக்கைப் போருக்கு ஆள் அனுப்பியவர்களிடம் கேளுங்கள். அந்தக் கப்பலிலிருந்து பறந்த வெள்ளை விமானிகளிடமும் சேர்த்துக் கேளுங்கள். ஒருவரிடம் மட்டும் கேட்காதீர்கள்.

உங்கள் நண்பருக்கு ஒரு வார்த்தை. ஹட்னர் செய்தது மகத்தான காரியம், அதில் சந்தேகமே இல்லை. டிசம்பர் 4 அன்று சோசின் நீர்த்தேக்கத்தின் பக்கம், எதிரிகளின் எல்லைக்குள், பிரவுனின் விமானம் சுடப்பட்டுப் பனிமலையில் விழுந்தது. உடைந்து நசுங்கிய விமானத்தில் கால் சிக்கிக்கொண்டது. ஹட்னர் வேண்டுமென்றே தன் விமானத்தைச் சக்கரத்தை இறக்காமல் பக்கத்தில் மோதி இறக்கினார். புகைந்துகொண்டிருந்த எஞ்சின் மேல் வெறுங்கையால் பனியை அள்ளிப் போட்டார். ஹெலிகாப்டரில் வந்த சார்லஸ் வார்டும் அவரும் சேர்ந்து கோடரியால் வெட்டிப் பார்த்தார்கள், முடியவில்லை. இருட்டத் தொடங்கியதும் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. டெய்சியை நேசிப்பதாக அவளிடம் சொல்லும்படி பிரவுன் கேட்டிருந்தார். ஹட்னருக்கு 1951 ஏப்ரலில் நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தபோது டெய்சியும் அந்த விழாவில் இருந்தார். 2013இல், 88 வயதில், நண்பரின் உடலைத் தேடி ஹட்னர் வடகொரியாவுக்கே போனார். வெறுங்கையோடு திரும்பினார்.

அந்த மனிதர் தன் உயிரைப் பணயம் வைத்தது ஒரு சின்னத்துக்காக அல்ல. கூடப் பறந்தவர், நல்ல விமானி, சிநேகிதர், வீட்டில் பெண்டாட்டியும் சின்னக் குழந்தையும் காத்திருக்கும் ஆள். இவர்களில் யார் நாயகன் என்று பட்டிமன்றம் வைப்பதே அசிங்கம். ஹட்னர் கேட்டாலே கோபப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

உங்களிடம் இருப்பது பதினைந்து நிமிடம். அந்த மலையில் நடந்ததற்கு நான்கு நிமிடம் போதும். மிச்சத்தை அந்த மண் ஓடுதளத்துக்கும், ரூஸ்வெல்ட்டுக்குப் போன கடிதத்துக்கும், சரக்குப் பெட்டிகளுக்கும், கோர்சேருக்கும் கொடுங்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். 'ஏமாளி' அதில் எங்காவது இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
அக்கா