நமக்குப் பிடித்த பொய்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு கலைக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். போலிச் செய்திகள் பற்றி மாணவர்களுக்கு ஒரு நாள் பயிலரங்கு வைத்தோம். கூகுள் லென்ஸில் படத்தைத் தேடுவது, தேதி பார்ப்பது எல்லாம் ஆர்வமாகக் கற்றார்கள். மறுவாரமே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பழைய கதைதான். படிக்காத பெரியவர்கள் பரப்புவது புரிகிறது, இவர்கள் ஏன்? இன்னும் நல்ல கருவிகள் உண்டா? வீட்டுக் குழுவில் வரும் பொய்க்கு மாணவர்கள் பதில் சொல்லலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

ஒரு நாள் பயிலரங்கு, சான்றிதழ், குழுப் புகைப்படம். அதிலிருந்து வேறென்ன எதிர்பார்த்தீர்கள்? கோபமாகத்தான் கேட்கிறேன். மறுவாரமும் மாணவர்களைக் கவனித்து வருத்தப்படுகிற ஆசிரியர் நீங்கள், அந்த உரிமையில்.

படிக்காத பெரியவர்கள் என்ற பேச்சை விடுங்கள். எனக்கு வருகிற பொய்களில் பெரும்பகுதி எஞ்சினியர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் அனுப்புபவை.

கருவி பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 10 வரலாற்றறிஞர்கள், 25 மாணவர்கள், 10 செய்தி சரிபார்ப்பாளர்களிடம் சில இணையப் பக்கங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். அறிஞர்களும் மாணவர்களும் பெரும்பாலும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே உட்கார்ந்து லோகோவையும் நடையையும் எடைபோட்டார்கள். சரிபார்ப்பாளர்கள் சட்டென்று வெளியே வந்து, அதை நடத்துவது யார், மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். இந்த ஒரு பழக்கம் போதும்.

பயிலரங்கில் என்ன உதாரணம் காட்டினீர்கள் என்று எழுதவில்லை. ஊகிக்கிறேன்: 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று வடக்கே பரவிய வீடியோக்கள். திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு அது பொய் என்று தெரிய லென்ஸ் எதற்கு? பனியன் கம்பெனி வாசலில் நின்றாலே போதுமே. 2018 மே மாதம் போளூர் பக்கம் நடந்ததைக் காட்டினீர்களா? குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பம் அது. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த வயதான அம்மாவை, பிள்ளை பிடிக்க வந்தவர் என்று அடித்தே கொன்றார்கள். வடநாட்டுக் கும்பல் இறங்கியிருக்கிறது என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பியவர்கள் நம் ஆட்கள். அடிப்பதை வீடியோவும் எடுத்தார்கள்.

அரசியல் ஆய்வாளர் சுமித்ரா பத்ரிநாதன் 2019 தேர்தல் நேரத்தில் பீகாரில் 1,224 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினார். பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேர அளவுக்குப் பயிற்சி. மொத்தத்தில் பலன் தெரியவில்லை. பயிற்சி பெற்ற பாஜக ஆதரவாளர்களோ, தங்கள் கட்சிக்குச் சாதகமான பொய்களைக் கண்டுபிடிப்பதில் பயிற்சி பெறாதவர்களைவிடப் பின்தங்கினார்கள். வேறு கட்சிக்காரர்கள் யாரும் இதைப் படித்து மகிழ வேண்டாம். பிறகு அவரும் சக ஆய்வாளர்களும் அதே பீகாரில் 13,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களுக்கு வாரக்கணக்கில் வகுப்பு எடுத்தபோது பலன் கிடைத்தது, மாதங்கள் கழிந்தும் நிலைத்தது.

எனவே நாள்பட நடத்துங்கள். அதைவிட முக்கியம், நமக்குப் பிடித்த பொய்யிலிருந்து தொடங்குங்கள். திருநள்ளாறுக்கு மேல் செயற்கைக்கோள் நின்றுவிடும் என்பது. சிதம்பரம்தான் பூமியின் காந்த மையம் என்பது. (பூமியின் காந்த நடுக்கோடு கேரளத்தின் தும்பாவை ஒட்டிப் போனதால்தான் 1963-ல் அங்கே ராக்கெட் ஏவினார்கள். அதை எந்த ஃபார்வர்டும் சொல்வதில்லை.)

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று கேட்டு வளர்ந்தவன் நான். கல்லூரிப் பருவத்தில் மாமாவோடு அங்கே போனேன். தமிழாசிரியர், என்னைப் படிக்கவைத்தவர். காலைப் பத்து மணி வெயிலுக்கே தரைக்கல் சுட்டது. விமானத்தின் பின்பக்கம் ஒதுங்கி நின்று, துண்டால் கழுத்தைத் துடைத்தபடி, நிழல் விழாத அதிசயத்தை விளக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் நின்றதே அந்த நிழலில்தான். காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, “இது வேற நிழல்டா” என்றார்.

மாமா பொய் பேசுகிறவர் இல்லை. ராஜராஜன் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். 200 அடிக்கு மேல் கல்லை அடுக்கி ஆயிரம் ஆண்டு நிற்கவைத்தவனுக்கு இந்தப் பொய் தேவையா என்று அன்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை. உங்கள் மாணவர்களுக்குக் கேட்கத் தெரிய வேண்டும். அவமதிக்காமல் கேட்க வேண்டும், தன்னையும் கேட்டுக்கொள்ள வேண்டும். தலைவரைப் பற்றி, நடிகரைப் பற்றி, சாதியைப் பற்றி வரும் இனிப்பான செய்தியைப் படித்ததும் விரல் ஃபார்வர்டுக்குப் போகிறதே, அந்த இடத்தில் நிற்கப் பழக்குங்கள். கசப்பான செய்தியை யாரும் சொல்லாமலே சந்தேகப்படுவார்கள்.

வீட்டுக் குழு விஷயம். எல்லோர் முன்னாலும் சித்தப்பாவைத் திருத்தினால் அவர் தன் மானத்தைக் காக்கத்தான் பார்ப்பார். போன் போட்டுப் பேசச் சொல்லுங்கள். ஆனால் பிள்ளை பிடிப்பவர்கள் வருகிறார்கள் என்பது போல உயிருக்கு ஆபத்தான வதந்தி என்றால் அந்த நிமிடமே குழுவிலேயே மறுக்க வேண்டும், யார் கோபித்துக்கொண்டாலும் சரி.

அடுத்த பருவத்தின் முதல் வகுப்பில், உங்கள் மாணவர்கள் கொண்டாடும் ஒரு பொய்யை எடுத்துக் கரும்பலகையில் எழுதுங்கள். சண்டைக்கு வருவார்கள். வரட்டும். அவர்கள் என்ன சொல்லி வாதாடினார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.