ஆளுக்கொரு அத்தியாயம், நாளுக்கொரு சண்டை

கேள்வி: காசிமேடு பக்கம் ஒரே தெருவில் வளர்ந்த ஒன்பது பேர் சேர்ந்து, எங்கள் தெருவைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் தொடர்கதை எழுதி வருகிறோம். ஆளுக்கொரு அத்தியாயமாக 22 வந்துவிட்டது. இப்போது ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்துகிறார். கதாநாயகியின் அப்பாவை ஒருவர் கடலில் சாகடித்தார். மூன்று அத்தியாயம் கழித்து இன்னொருவர் அவரை டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். தினமும் தகராறு. புத்தகமாகப் போடும் ஆசையும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், புது வண்ணாரப்பேட்டை

பதில்: செத்தவர் டீ குடிப்பதைச் சரிசெய்துவிடலாம், அதற்குக் கடைசியில் வருகிறேன். யார் எழுதியதில் யார் கை வைக்கலாம் என்று ஒன்பது பேரும் இதுவரை பேசி வைத்துக்கொள்ளவில்லை. சண்டையெல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

உங்களுக்கு ஒன்பது பேர். 2007 பிப்ரவரியில் இங்கிலாந்தில் பெங்குவின் பதிப்பகமும் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து, யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் அழிக்கலாம் என்று இணையத்தில் ஒரு விக்கி நாவலைத் திறந்துவிட்டார்கள். ஐந்து வாரத்தில் சுமார் 1,500 பேர் கை வைத்தார்கள். அதில் ஒருவர் விடாமல் கதைக்குள் வாழைப்பழத்தைத் திணித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அது நாவலாகத் தேறவில்லை. எழுத ஆள் குவிந்த இடத்தில் கோக்க ஆள் இல்லை.

நம் பக்கத்துச் சாவு வீட்டு கானாவைக் கேட்டிருப்பீர்கள். ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் எடுத்துப் பாடுவார். முன்னவர் பாடிய வரியைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். உங்கள் முதல் விதியும் அதுவாகவே இருக்கட்டும்: அடுத்தவர் அத்தியாயத்தில் யாரும் நேரடியாகத் திருத்தக்கூடாது, யோசனை மட்டும் சொல்லலாம். ஐந்து அத்தியாயத்துக்கு ஒருவர் தொகுப்பாளர். முரண் வந்தால் அவர் சொல்வதே முடிவு, அப்புறம் அடுத்தவர் முறை. ஓட்டெடுப்பு மட்டும் வேண்டாம். ஓட்டில் தோற்றவர் அடுத்த அத்தியாயத்தில் பழி தீர்ப்பார், இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கதையை வாட்ஸ்அப்பிலிருந்து வெளியே எடுங்கள். அனுப்பிய செய்தியை அங்கே 15 நிமிடம் வரைதான் திருத்த முடியும், மேலே போய்விட்டால் தேடி எடுப்பதும் பேஜார். அரட்டை அங்கேயே இருக்கட்டும், கதை கூகுள் டாக்ஸுக்குப் போகட்டும், அத்தியாயத்துக்கு ஒரு கோப்பாக. திருத்தும் அனுமதி அந்த அத்தியாயத்தை எழுதுபவருக்கும் தொகுப்பாளருக்கும் மட்டும், மற்றவர்களுக்குக் கருத்துச் சொல்லும் அனுமதி போதும். பழைய வடிவங்கள் அதில் சேமிப்பாகவே இருப்பதால், யாராவது அழித்துவிட்டாலும் மீட்டுக்கொள்ளலாம்.

கூடவே ஒரே ஒரு பக்கத்தில் கதைக் குறிப்பு. யாருக்கு என்ன வயசு, எந்த வருஷம், யார் வீடு தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம், படகு விசைப்படகா ஃபைபரா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மாதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மே மாதத்தில் உங்கள் விசைப்படகு வஞ்சிரத்தோடு துறைமுகத்துக்குள் வந்தால், காசிமேட்டில் ஒரு பையன்கூட அதற்கு மேல் படிக்க மாட்டான்.

எழுதத் தெரியாதவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீன் விற்கும் அம்மா ஒருவர் குரல்பதிவில் சொல்ல, ஒருவர் தட்டச்சு செய்யலாம். ஆனால் தட்டச்சு செய்பவருக்குத் திருத்தும் கை அரிக்கும். "நேத்து நைட்டு வலைய எத்துகினு போனவன் இன்னும் வர்ல" என்று அவர் சொன்னதை, "நேற்றிரவு வலையுடன் சென்றவர் இன்னும் திரும்பவில்லை" என்று அடித்துவிடுவார். அந்த அம்மாவே காணாமல் போய்விடுவார். குரல்பதிவை அழிக்காமல் வைத்திருந்து ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் பெயர் எழுதியவர்கள் வரிசையில்தான் வர வேண்டும், நன்றியுரையில் அல்ல.

தெருவில் இருப்பவர்களின் பெயரை மாற்றும்போது பட்டப்பெயரையும் மாற்றுங்கள். நம் பக்கம் நிஜப்பெயரை யாருக்குத் தெரியும்?

புத்தகம் என்றால் உரிமைப் பேச்சு வந்தே தீரும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி எழுதிய உடனே உரிமை வந்துவிடுகிறது, பதிவு செய்தாக வேண்டும் என்பதில்லை. யார் எழுதியது எது என்று பிரித்துச் சொல்ல முடிந்தால், அவரவர் அத்தியாயம் அவரவருக்கு. பிரிக்க முடியாதபடி கலந்துவிட்டால் அது கூட்டுப் படைப்பு. எல்லோருடைய சம்மதமும் இல்லாமல் வெளியிடப் போகாதீர்கள். உரிமையைப் பதிப்பகத்துக்கு மாற்றிக் கொடுக்க எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். வாட்ஸ்அப் கட்டைவிரலை நம்ப வேண்டாம். ஒப்பந்தத்தில் எத்தனை வருஷம் என்று போடாவிட்டால் சட்டம் அதை ஐந்து வருஷம் என்று எடுத்துக்கொள்ளும், எந்த ஊருக்கு என்று போடாவிட்டால் இந்தியாவுக்குள் என்று. பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதையும் அதே காகிதத்தில் இப்போதே எழுதிவிடுங்கள். துட்டு வந்தபிறகு பேசினால் தெருவே ரெண்டாகும்.

யாரும் எடுத்துப் பயன்படுத்தட்டும் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடுவதும் ஒரு வழி. ஆனால் அப்படிக் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது. ஒன்பது பேரும் நிதானமாக உட்கார்ந்து முடிவெடுங்கள்.

இனி அப்பா விஷயம். அவர் செத்த அத்தியாயத்தை எடுத்து, உடல் கரை ஒதுங்கியதாக எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எழுதவில்லை என்றால் ரெண்டு பேர் எழுதியதிலும் ஒரு வரி தொட வேண்டாம். கடலுக்குப் போனவர் வரவில்லை என்று காரியம்கூட முடித்துவிட்ட வீடு அது. காலையில் டீக்கடைப் பையன் அந்த பெஞ்சில் அவரைப் பார்க்கிறான். அந்தப் பையன் அடுத்து என்ன செய்தான் என்பதை, இந்த ரெண்டு பேரும் இல்லாத மூன்றாவது ஆளை எழுதச் சொல்லுங்கள்.