பூச்சு காயும் முன் பட்டி வேண்டாம்

கேள்வி: மயிலாடுதுறை பக்கம் வீடு கட்டுகிறோம். ஐப்பசி நடுவில் உள்பூச்சு முடிந்தது. பத்து நாள் தண்ணீர் விட்டோம். அதன் பிறகு மூன்று வாரம் ஆகியும் சுவரில் திட்டுத் திட்டாக ஈரம் நிற்கிறது. வடக்குச் சுவரும், பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைச் சுவரும் ரொம்ப மோசம். சில இடங்களில் வெள்ளையாக உப்பு பூக்கிறது. தை இரண்டாம் வாரம் கிரகப்பிரவேசம். இப்போதே பட்டி (சுவரை வழவழப்பாக்கத் தேய்க்கும் மாவு) வைத்து ப்ரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்துவிட்டால் ஈரம் தெரியாது என்கிறார் பெயிண்டர். சம்மதிக்கலாமா?
– ஒரு வாசகி

பதில்: சம்மதிக்காதீர்கள் அம்மா. ஈரம் கண்ணுக்குத் தெரியும்வரை நல்லது. உள்ளே வைத்து மூடினால்தான் வம்பு. என் தங்கை வீட்டில் கல்யாண அவசரத்துக்காகப் பூச்சு முடிந்த பதினைந்தாம் நாளே பட்டி வைத்தார்கள். நான் அப்போது வெளியூர் சைட்டில் இருந்தேன். மூன்றே மாதத்தில் கூடத்துச் சுவர் அப்பளம் மாதிரி கொப்புளித்தது. தொட்டால் பொலபொலவென்று கொட்டும். அத்தனையையும் சுரண்டி எடுத்து மறுபடி அடித்ததில் முதல் செலவை விட அதிகம் ஆனது. அவள் அன்று அழுதது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஒரு கணக்கு சொல்கிறேன். பத்துக்குப் பத்து அறை, நான்கு சுவருக்கும் அரை அங்குலப் பூச்சு என்றால் சுமார் மூன்று மூட்டை சிமெண்ட் பிடிக்கும். கலவைக்கு ஊற்றிய தண்ணீர் மட்டும் 75 லிட்டருக்குக் குறையாது. அதில் பாதிக்கும் குறைவாகத்தான் சிமெண்ட் இறுகுவதற்குச் செலவாகும். மீதியும், செங்கல் குடித்ததும், பத்து நாள் நீங்கள் விட்டதும் சுவரின் முகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கோடையில் இதற்கு நான்கு வாரம் போதும். அடைமழைக் காலத்தில் ஆறு, எட்டு வாரம்கூட ஆகும்.

வடக்குச் சுவருக்கு வெளிப்பூச்சு ஆகிவிட்டதா? நீங்கள் எழுதவில்லை. ஆகவில்லை என்றால் காரணம் அதுதான். வடகிழக்குப் பருவமழை அந்தப் பக்கத்துச் செங்கலில் அடிக்க அடிக்க, உள்ளே எத்தனை நாள் காத்திருந்தாலும் காயாது. மழை விட்டதும் முதல் வேலையாக வெளிப்பூச்சை முடியுங்கள்.

பாத்ரூம் சுவர் வேறு கதை. ஈரத் திட்டின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டு, மாடித் தொட்டியிலிருந்து பாத்ரூமுக்கு வரும் வால்வை இரண்டு நாள் மூடி வையுங்கள். திட்டு சுருங்கினால் சுவருக்குள் போகும் பைப்பில் கசிவு இருக்கலாம். பிளம்பரிடம் சொல்லி பம்ப் வைத்து பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் தரை வடிகாலை அடைத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு கண்டுபிடித்தால் உடைக்க வேண்டியிருக்கும்.

உப்பைக் காய்ந்த பிரஷால் தேய்த்து, உதிர்ந்த தூளைக் கூட்டி அள்ளிவிடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும்.

பகலில் மழை இல்லாத நேரம் எல்லா ஜன்னலும் திறந்திருக்கட்டும். ஃபேன் ஓடட்டும். சீக்கிரம் காய வேண்டும் என்று கதவைச் சாத்திக் கரி அடுப்பு மூட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். பூச்சில் முடி போல விரிசல் விடும், மூடிய அறையில் கரிப்புகை ஆளையே கொன்றுவிடும்.

காய்ந்ததா என்று கையை வைத்துச் சொல்ல முடியாது. ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, மறுநாள் பாருங்கள். சுவரைப் பார்த்த பக்கத்தில் வியர்த்திருந்தால் இன்னும் பொறுங்கள். ஒவ்வொரு அறையிலும் இரண்டு இடத்தில் பாருங்கள், அதில் ஒன்று தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்கட்டும்.

பால் காய்ச்சுவதற்குச் சுவரில் பெயிண்ட் இருக்க வேண்டும் என்று இல்லை. மாவிலை கட்டி, கோலம் போட்டு, பூச்சுச் சுவரோடே குடி போகலாம். சோதனையில் தேறிய அறைகளுக்கு மட்டும் தைக்குள் பட்டி வைத்து, புதுச் சிமெண்டின் காரத்தைத் தாங்கும் ப்ரைமர் அடியுங்கள். வடக்குச் சுவரை மாசி முடியும்வரை தொடவேண்டாம். அதுவரை பீரோவையும் அந்தச் சுவரில் ஒட்டி வைக்காமல் அரை அடி தள்ளியே வையுங்கள்.