பெட்டிக்குள் நிற்கிறது பூனை, சுவரில் படிகிறது கறை

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து வயதுக் கடுவன் பூனை இருக்கிறது. சிறுநீர், மலம் கழிக்க மணல் பெட்டியைத் தவிர வேறெங்கும் அது போனதில்லை. ஆனாலும் பெட்டிக்குப் பின்னாலுள்ள சுவரில் மஞ்சள் கறை படிகிறது, மணல் துகள்கள் படுக்கையறை வரை வந்துவிடுகின்றன. முதலில் ஆழம் குறைந்த தட்டு வைத்தோம். பிறகு மூடியுள்ள பெட்டிக்கு மாறினோம். அதிலும் அடியில் ஈரம் கசிகிறது. இனி எத்தகைய பெட்டியை வாங்குவது? விலை கூடிய தானியங்கிப் பெட்டி வாங்கினால் தொல்லை தீருமா?

பதில்: புதிய பெட்டிக்குப் பணம் கொடுப்பதற்கு முன், உங்கள் பூனை பெட்டிக்குள் என்ன செய்கிறது என்பதைச் சற்றுத் தள்ளி நின்று இரண்டு மூன்று முறை பாருங்கள். சில பூனைகள் முறையாகக் குந்தித்தான் தொடங்கும். ஆனால் சிறுநீர் போகப் போகப் பின்புறம் மெல்ல உயர்ந்து, முடிக்கும்போது ஏறக்குறைய நின்றுகொண்டிருக்கும். நான்கு கால்களும் மணலில் இருப்பதால் அதைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகவே நடக்கிறது. விளிம்பைத் தாண்டிச் சுவரில் விழுவது அதற்குத் தெரியாது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் பூனையும் இந்த வகை என்றே தோன்றுகிறது. ஆழம் குறைந்த தட்டு இதற்கு எவ்விதத்திலும் உதவாது.

மூடியுள்ள பெட்டி கசிவதற்குக் காரணம் மூடியும் தொட்டியும் சேரும் இடம். பல பெட்டிகளில் மூடியின் கீழ்விளிம்பு தொட்டியின் விளிம்புக்கு வெளிப்புறமாக உட்காரும். மூடியின் உட்சுவரில் படும் சிறுநீர் அப்படியே வழிந்து, அந்த இடுக்கைக் கண்டுபிடித்து, வெளியே இறங்கிப் பெட்டியின் அடியில் தேங்கும். மூடியின் விளிம்பு தொட்டிக்கு உட்புறமாக இறங்கும்படி அமைந்திருந்தால் அதே சிறுநீர் மணலிலேயே விழும். உங்களிடம் இருப்பதைக் குளியலறைக்கு எடுத்துச் சென்று, மணல் இல்லாமல் மூடியைப் பொருத்தி, வாசல் வழியாக ஒரு குவளை நீரை மூடியின் உட்சுவரில் ஊற்றிப் பாருங்கள். எங்கே கசிகிறது என்பது உடனே தெரிந்துவிடும். கடையில் இந்தச் சோதனைக்கு இடமில்லாவிட்டாலும், மூடியைக் கழற்றி எந்த விளிம்பு எதற்குள் இறங்குகிறது என்று பார்க்கலாம்.

என் தேர்வு மூடியே இல்லாத, இணைப்பே இல்லாத, ஒரே வார்ப்பில் செய்த உயரமான தொட்டி. மூன்று பக்கங்களும் 30 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும்; நின்றபடி முடிக்கும் பெரிய பூனைக்கு இன்னும் உயரம் தேவைப்படலாம். நுழையும் பக்கம் மட்டும் 12 முதல் 15 சென்டிமீட்டர் போதும். நீளம், மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரை உள்ள பூனையின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும்; அப்போதுதான் அது உள்ளே சுற்றித் திரும்பி வசதியான இடத்தில் நிற்க முடியும். துணிமணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு பக்கத்தை வெட்டி வாசலாக்கி, வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிட்டாலும் இதே வேலையைச் செய்யும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: உள்ளே போனதும் திரும்பி வாசலைப் பார்த்து உட்காரும் பூனைக்குத்தான் பின்சுவர் காவல். திரும்பாமலே உட்காரும் பூனையின் பின்புறம் வாசலை நோக்கியிருக்கும். அதற்கு வாசலை ஒரு மூலையில் குறுகலாக வெட்டுவது நல்லது.

மணல் 5 முதல் 7 சென்டிமீட்டர் ஆழம் இருக்கட்டும். அதைவிடக் குறைந்தால் சிறுநீர் கட்டியாவதற்கு முன்பே அடித்தளத்தில் ஒட்டிக்கொள்ளும். துகள்கள் பரவுவதற்குப் பெட்டியைவிட மணலே பெரிய காரணம். மணலுக்குப் பதிலாகப் போடும் மரத்தூள் குச்சிகள் காலில் அதிகம் ஒட்டுவதில்லை. ஆனால் பெரும்பாலான பூனைகள் நுண்ணிய மணலையே விரும்புகின்றன என்பதால், பூனைக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நான்கு எட்டு நடக்கும் அளவுக்கு நீளமான மிதியடி ஒன்றை விரிப்பதே மேல். தானியங்கிப் பெட்டி கழிவை அள்ளுகிறதே ஒழிய, பூனை நிற்கும் விதத்தை மாற்றுவதில்லை. உங்கள் தொல்லைக்கு அது மருந்தல்ல.

புதிய தொட்டியைப் பழையதன் பக்கத்திலேயே வைத்து, பூனை அதை வழக்கமாகப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு பழையதை எடுங்கள். சுவர்க் கறைக்கு என்சைம் கலந்த துப்புரவுத் திரவமே ஏற்றது. சிறுநீர் பட்ட இடத்தில் பிளீச்சிங் திரவத்தை ஊற்ற வேண்டாம். சிறுநீரிலுள்ள அம்மோனியாவுடன் சேர்ந்து நச்சு வாயுவை உண்டாக்கும்.

நீங்கள் கவனிக்கும்போது பூனை குந்தவே செய்யாமல், வாலை நிமிர்த்தி நடுங்கவிட்டுச் சுவரில் சிறிதளவு பீய்ச்சுவதைக் கண்டால், அது எல்லை குறிக்கும் செயல். கருத்தடை செய்யாத கடுவனிடம் இது அதிகம்; எந்தப் பெட்டியும் இதைத் தடுக்காது.

கேள்வி: எங்களிடம் இரண்டு பூனைகள், ஒரு பெட்டி. பதின்மூன்று வயதுப் பூனை சில மாதங்களாகப் பெட்டிக்குப் பக்கத்திலேயே மலம் கழிக்கிறது. மேலே வாசல் வைத்த பெட்டி உதவுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். மேல்வாசல் பெட்டி மணல் சிதறுவதைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் குதித்து ஏறி இறங்க வேண்டிய அது இளம்பூனைகளுக்கு உரியது. இந்த வயதில் மூட்டுவலி பரவலாக இருக்கும், பெட்டி வரை வந்தும் விளிம்பைத் தாண்டக் காலைத் தூக்க முடியாமல் பக்கத்திலேயே முடித்துவிடுவது அதன் அடையாளமாக இருக்கலாம். வாசல் விளிம்பின் உயரம் 7 சென்டிமீட்டருக்கு மேல் போகாத பெட்டியைக் கொடுங்கள். கால்நடை மருத்துவரிடமும் காட்டுங்கள். பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிப் பெட்டி வைப்பது வழக்கம், ஆகவே உங்களுக்கு மூன்று தேவை. மூன்றையும் ஒரே வரிசையில் வைத்தால் பூனையின் கணக்கில் அது ஒரே பெட்டிதான். வெவ்வேறு அறைகளில் வையுங்கள், நாள்தோறும் அள்ளுங்கள்.

இரண்டு வாசகர்களுக்கும் பொதுவாக ஒன்று: பூனை அடிக்கடி பெட்டிக்குப் போய் முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால், குறிப்பாகக் கடுவனாக இருந்தால், பெட்டியைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். சிறுநீர்ப்பாதை அடைத்திருந்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அன்றே, இரவானாலும், மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.